கிரிக்கெட் பழகிய கைக்கு ஹர்லி மட்டை: ஒரு மதிப்புரை

கிரிக்கெட்டைப் பார்த்தே வளர்ந்த ஒருவர் அயர்லாந்தில் குடியேறி, இங்குள்ள கேலிக் விளையாட்டுகளில், அதாவது அயர்லாந்தின் மரபு ஆட்டங்களில், மனம் பதியத் தொடங்கினால், அவர் முதலில் வாங்க வேண்டியது கவுண்டி (மாவட்ட) அணியின் சட்டை அல்ல, ஆஷ் மரத்தில் செய்த ஒரு ஹர்லி மட்டைதான் என்பது என் உறுதியான கருத்து. தொலைக்காட்சியில் பார்க்கும்போது, இந்த மட்டையாலும் சிறு பந்தாலும் ஆடும் ஹர்லிங் வெறும் வேகமாகவும் நெரிசலாகவுமே தெரிகிறது. எந்த அடி எளிது, எது அரிது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மட்டையைக் கையில் எடுத்துச் சுவரோடு பந்தாடிப் பார்த்த பிறகே அந்த வேறுபாடு விளங்கத் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டின் ஹர்லிங் பருவத்தையும் கிரிக்கெட்டையும் சேர்த்தே பின்தொடர்ந்த ஒரு ரசிகன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் வாங்கியது டிப்பரரி கவுண்டியில் ஒரு சிறிய பட்டறையில் கையால் செய்யப்பட்ட 34 அங்குல மட்டை. விலை நாற்பது யூரோவை ஒட்டி வந்தது. நல்ல ஆங்கில வில்லோ மரத்தில் செய்த கிரிக்கெட் மட்டைக்கு இங்கே சில நூறு யூரோக்கள் கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால் இது மலிவு. ஆனால் கிரிக்கெட் மட்டையை எண்ணெய் தடவி ஆண்டுக்கணக்கில் பேணுவதுபோல் ஹர்லியைப் பேணிவிடலாம் என்று எண்ணி வாங்கக் கூடாது. இது உடைவதற்கென்றே பிறந்த பொருள். ஆட்டத்தின் நடுவே மட்டை முறிவதும், ஓரத்தில் நிற்பவர் வேறொன்றை எடுத்துக்கொண்டு ஓடி வருவதும் ஹர்லிங்கில் அன்றாடக் காட்சி. முன்னணி ஆட்டக்காரர்கள் ஒரே எடை, ஒரே சமநிலை கொண்ட பல மட்டைகளைத் தமக்குப் பிடித்த கைவினைஞரிடம் சொல்லிச் செய்து வைத்துக்கொள்வது அதனால்தான்.

மட்டையின் அழகு முழுவதும் அதன் மரவரியில் இருக்கிறது. கைப்பிடியிலிருந்து நேராக இறங்கும் வரிகள், பந்தை அடிக்கும் அகன்ற முனையை நெருங்கும்போது ஒன்றோடொன்று மோதாமல் வளைந்து, முனையின் வளைவோடு சேர்ந்தே திரும்புகின்றன. செதுக்கியவர் கொடுத்த வளைவு அல்ல இது. மரமே வளர்ந்த வளைவு. ஆஷ் மரத்தின் அடித்தண்டு வேராகப் பிரிந்து விரியும் இடத்தை, ஏறத்தாழ நிலமட்டத்திலிருந்து மேலே ஒரு மீட்டர் அளவுக்கு, வெட்டி எடுத்துத்தான் ஹர்லி செய்கிறார்கள். வரி குறுக்கே ஓடும் பலகையில் செய்தால் முதல் மோதலிலேயே முனை பிளந்துவிடும். வாங்குபவர் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும்: குதிகால் போன்ற அந்த வளைவில் வரி அறுபடாமல் திரும்புகிறதா என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நுனியில் சுற்றி அடித்திருக்கும் உலோகப் பட்டை, பிளவு தோன்றினாலும் அது மேலே ஏறாமல் தடுப்பதற்கானது.

ஆஷ் மரத்தின் நிலைமையைச் சொல்லாமல் இந்தப் பொருளை மதிப்பிட முடியாது. ஆஷ் மரங்களை நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை நோய் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் அயர்லாந்தில் முதன்முறையாக லீட்ரிம் கவுண்டியில் உறுதிசெய்யப்பட்டது. அதன் பிறகு அது நாடெங்கும் பரவிவிட்டது. அதற்கு முன்பே ஹர்லிக்கான மரத்தில் பெரும்பகுதி ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அங்கும் இதே நோய் இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ ஹர்லிங்கை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மரபு பட்டியலில் ஏறிய காலத்தில் அந்த மரபின் மரம் காட்டில் பட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. செயற்கைப் பொருளில் வார்த்த ஹர்லிகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. அண்மைக்காலத்தில் மூங்கிலில் செய்த ஹர்லிகளும் மேல்மட்டப் போட்டிகளிலேயே பயன்படுத்தப்படுகின்றன. கிரிக்கெட் ரசிகருக்கு இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு உடனே மனத்தில் எழும். 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூங்கிலில் கிரிக்கெட் மட்டை செய்யலாம் என்று ஆய்வு வெளியிட்டபோது, மட்டையின் அலகு மரத்தால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்ற விதியைச் சுட்டிக்காட்டி, மூங்கில் புல்லினம் ஆதலால் தற்போதைய விதிகளின்படி அது செல்லாது என்று கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அறிவித்துவிட்டது. அந்த விதி வந்ததற்குக் காரணமே 1979இல் பெர்த் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கியதுதான். தன் மரம் அழியும் நிலையில் மூங்கிலுக்கு இடம் கொடுத்த ஹர்லிங்கின் நெகிழ்வை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வில்லோவின் விலை ஏறிக்கொண்டே போகும் இந்த நாளில், கிரிக்கெட்டை ஆள்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

மட்டையோடு ஒரு பந்தும் வாங்கியாக வேண்டும். ஸ்லிட்டர் எனப்படும் ஹர்லிங் பந்தின் விட்டம் 69 முதல் 72 மில்லிமீட்டர். கைக்குள் அடங்கும் அளவில் கிரிக்கெட் பந்துக்கும் அதற்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை, எடையில்தான் வேறுபாடு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்க, ஸ்லிட்டர் 110 முதல் 120 கிராம் வரைதான் இருக்கும். தோலின் மேல் தடித்து எழுந்து ஓடும் தையல் விளிம்பு, கிரிக்கெட் பந்தின் தையல்போல் வீச்சாளருக்கு உதவுவதற்காக அமைந்ததல்ல. ஓடும்போது கையில் பிடிக்கவும், தரையில் கிடப்பதை மட்டையின் நுனியால் தூக்கவும் பற்றுதல் தருவது. ஹர்லிங்கில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் கிளப்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும்; அதன் பின் நான்கு எட்டுகளுக்கு மேல் கையில் வைத்தபடி ஓடக் கூடாது. பார்க்கையில் இயல்பாகத் தெரியும் அந்தத் தூக்கல்தான் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது. மட்டையின் நுனி பந்துக்கு அடியில் நுழைய வேண்டும். ஒரு விரற்கடை மேலே போனால் பந்து முன்னே உருண்டுவிடும், கீழே போனால் நுனி மண்ணில் குத்தி மணிக்கட்டு அதிரும்.

பிடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிரிக்கெட் பழகியவருக்கு இந்த மட்டை தரும் பெரிய வியப்பு அதுதான். வலதுகைக்காரர் ஹர்லியைப் பிடிக்கும்போது வலதுகை எப்போதும் மேலே இருக்கும். வலுவான கை மட்டையை விடாமல் பிடித்திருக்க, இடதுகை பந்தைப் பிடிக்கவும் எறிந்து கொடுக்கவும் விடுதலையாக இருக்கும். அடிக்கும் கணத்தில் மட்டும் அது கீழே வந்து சேரும். வலதுகை மட்டையாளரின் கிரிக்கெட் பிடிப்புக்கு இது நேர் எதிரானது. இடதுகை மட்டையாளரின் பிடிப்போ அப்படியே இதுதான். மேலும், கிரிக்கெட் மட்டைக்கு ஒரு முகம்தான் உண்டு. ஹர்லிக்கு இரு பக்கமும் தட்டையான முகம். ஆகவே ஆட்டக்காரர் கையை மாற்றாமலேயே இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் ஒரே வலிமையுடன் அடிக்கப் பழகுகிறார். இடப்பக்க அடி, இடதுகை மட்டையாளரின் டிரைவ். வலப்பக்க அடியோ, அதே மட்டையாளர் மட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஆடும் ரிவர்ஸ் ஸ்வீப்.

டப்ளினில் பிறந்து, சிறுவயதில் ஹர்லிங் ஆடி, பின்னர் 2019இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வென்று தந்த ஓயின் மோர்கனின் ரிவர்ஸ் ஸ்வீப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஹர்லிங்கின் பெயர் ஏன் வருகிறது என்பது எனக்கு இந்த மட்டையைப் பிடித்த பிறகே முழுமையாக விளங்கியது. மோர்கன் இடதுகை மட்டையாளர், ஆனால் பந்து வீசியதோ வலதுகையால். இன்னொரு அயர்லாந்து மட்டையாளரான எட் ஜாய்ஸும் அப்படியே. 2007ஆம் ஆண்டு செயின்ட் பேட்ரிக் நாளன்று கிங்ஸ்டனில் பாகிஸ்தானை அயர்லாந்து வீழ்த்தியபோது 72 ஓட்டங்கள் எடுத்த நியால் ஓ’பிரையனும் இடதுகை மட்டையாளர்தான். இவர்கள் எல்லோருடைய பிடிப்பும் ஹர்லிங்கிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மேல்கையில் வலுவுள்ள மட்டையாளர் ஒருவர் எப்படி உருவாகிறார் என்பதை இந்த மட்டை நம் கைக்கே புரியவைக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

மட்டையைப் பழகியபின் ஆட்டம் பார்ப்பதும் மாறிவிடுகிறது. 2025 ஜூலை 20 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்த அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப்போட்டியில், இடைவேளையில் ஆறு புள்ளிகள் முன்னிலையில் இருந்த கார்க் அணி, இரண்டாம் பாதி முழுவதிலும் இரண்டே புள்ளிகள்தான் எடுத்தது. டிப்பரரி 3-27 என்றும் கார்க் 1-18 என்றும் ஆட்டம் முடிந்தது. முதல் எண் கோல்கள், அடுத்தது புள்ளிகள்; கோல் ஒன்றுக்கு மூன்று புள்ளிகள் என்பதால் பதினைந்து புள்ளி வித்தியாசம். பத்தொன்பது வயது டாரக் மெக்கார்த்தி ஒருவரே 1-13 எடுத்தார். ஃப்ரீ அடி அடிக்கும்போது அவர் தரையிலிருந்து பந்தைக் கிளப்பிய உயரம் ஒவ்வொரு முறையும் ஒன்றேபோல் இருந்ததை, முன்பானால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். கோல்காப்பாளர் ரீஸ் ஷெல்லி கார்க்கின் பெனால்டியைத் தடுத்த காட்சியையும் நான் வேறு கண்ணோடு பார்த்தேன். மற்றவர்களின் மட்டைமுனை 13 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. கோல்காப்பாளருக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. 2015இலிருந்து பெனால்டியின்போது கோல் கோட்டில் அவர் தனியாகத்தான் நிற்கிறார். அந்த அகன்ற மட்டை அவருக்குச் சலுகை என்று நினைத்திருந்த எனக்கு, அவ்வளவு வேகத்தில் வரும் பந்துக்கு எதிரே அது மிகக் குறைவானது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 4 அன்று ஓவல் மைதானத்தில், நான்கு விக்கெட்டுகள் கையிலிருக்க 35 ஓட்டங்களே தேவைப்பட்ட இங்கிலாந்து, முகமது சிராஜின் பந்துவீச்சில் ஆறு ஓட்டங்களில் தோற்றதைப் பார்த்தேன். வெற்றியை நெருங்கும் அணியின் கை இறுகிப்போவது இரு ஆட்டங்களிலும் ஒன்றுதான். ஆனால் கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் மூச்சுவிட நேரம் உண்டு. ஹர்லிங்கில் கார்க் அணிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் சுற்றியிருந்த பிடிநாடா ஈரத்தில் விரைவாகவே வழுக்கத் தொடங்கியது. அதை மாற்றிச் சுற்றக் கற்றுக்கொள்வது கட்டாயம். உலோகப் பட்டையின் ஆணிகள் சுவரில் அடித்து அடித்துத் தளர்ந்தன. தளர்ந்த பட்டையின் விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மட்டையை வெப்பமூட்டியின் அருகே வைத்தால் மரம் உலர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். சுவரோடு ஆடும் பயிற்சிக்கு மட்டுமானால் செயற்கை மட்டை நீண்டகாலம் உழைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பந்து சரியான இடத்தில் பட்டபோது ஆஷ் மரம் தரும் மெல்லிய வளைவும், கைக்கு வந்து சேரும் அந்த அதிர்வின்மையும் நான் கையாண்ட செயற்கை மட்டைகளில் கிடைக்கவில்லை.

அளவைப் பொறுத்தவரை, நேராக நின்று மட்டையைப் பக்கத்தில் ஊன்றினால் அதன் கைப்பிடியின் மேல்நுனி இடுப்பெலும்பை எட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு காலத்தில் 36, 37 அங்குலம் வைத்திருந்த பெரியவர்கள் இன்று அதைவிடக் குட்டையானதையே விரும்புகிறார்கள், ஏனெனில் நெரிசலில் விரைவாக அடிக்கக் குட்டையானதே உதவுகிறது. புதிதாகத் தொடங்குபவரும் குட்டையான பக்கமே சாய்வது நல்லது. குழந்தைகளுக்கு ‘வளர்ந்தபின் சரியாகும்’ என்று நீளமானதை வாங்கித் தந்தால், தூக்கல் கடைசிவரை கைவராது.

தனியாகச் சுவரோடு ஆடுவதற்கு மேல் எதற்கும், முகக்கம்பி உள்ள தலைக்கவசம் இல்லாமல் மட்டையைத் தூக்காதீர்கள். 2010 முதல் எல்லா வயதினருக்கும் அது கட்டாயம். அதன் விலை மட்டையின் விலையைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு கூடுதலாகத் தோன்றுபவர்கள் பிள்ளைகளைக் கேலிக் கால்பந்தில் சேர்க்கலாம். கோலுக்கு முன்னே வரைந்த 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்ற 2025ஆம் ஆண்டின் புதிய விதி அந்த ஆட்டத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. கெரி அணி டோனிகாலை 1-26, 0-19 என வென்ற இறுதிப்போட்டியில் அதன் பயனைத் தெளிவாகக் காண முடிந்தது.

வாங்க முடிவுசெய்தவர்கள் பெருங்கடையில் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை உருவிக்கொண்டு வருவதைவிட, மட்டை செய்பவரிடமே நேரில் போய், உயரத்தையும் கையின் பழக்கத்தையும் சொல்லி வாங்குங்கள். கிரிக்கெட் ஆடியவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கீழ்க்கையால் இழுத்து அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு முனையின் எடையைச் சற்றுக் குறைத்துத் தருவார்கள். கவுண்டி அணிகளின் சாம்பியன்ஷிப் ஏப்ரலில் தொடங்குவதால், அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே போவது நல்லது. அப்போதுதான் நாலைந்து மட்டைகளை வீசிப் பார்த்து, வரியையும் வளைவையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அவரும் நேரம் தருவார்.