ஏ-லீக் மகளிர் கால்பந்து: டிக்கெட் விலைக்கு மேல் தரும் தொடர்

ஆஸ்திரேலியாவின் ஏ-லீக் மகளிர் கால்பந்துத் தொடரை, டிக்கெட் வாங்கித் திடலுக்குள் நுழையும் ரசிகரின் இடத்திலிருந்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். 2008-இல் டபிள்யூ-லீக் என்ற பெயரில் எட்டு அணிகளுடன் தொடங்கி, 2021 முதல் இப்போதைய பெயரில் நடந்துவரும் இத்தொடர், உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் சிலரை அவர்கள் புகழடைவதற்கு முன்பே நம் கண்ணெதிரே ஆட வைத்திருக்கிறது. ஆட்டத்தின் தரத்திலும் சாதனைகளின் கனத்திலும் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அந்தச் சாதனைகளைப் படைத்தவர்களுக்கும், அவற்றைக் காண வந்தவர்களுக்கும் உரிய மதிப்பைத் தொடர் தருகிறதா என்று கேட்டால், பாதி அளவுக்குத்தான் தருகிறது என்பதே என் தீர்ப்பு.

முதலில் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிட்னி எஃப்.சி. அணியின் ஆட்டங்களைப் பெரும்பாலும் லைக்கார்ட் ஓவலில் பார்க்கலாம். ரக்பி லீக் ஆட்டத்துக்குப் பேர்போன பழைய புறநகர்த் திடல் அது; ஒரு பக்கம் கூரையிட்ட இருக்கைகளும் மறுபக்கம் புல் மேடுமாக இருக்கும். புல் மேட்டில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து பார்க்கும் குடும்பங்களே கூட்டத்தில் பாதி. கூட்டம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடுவதால், பெரிய அரங்குகளில் ஒருபோதும் காதில் விழாத பலவற்றை இங்கே கேட்க முடிகிறது. கார்னர் கிக் வருவதற்கு முன் கோல்கீப்பர் தன் தற்காப்பு வீராங்கனைகளைப் பெயர் சொல்லி அதட்டி இடம் மாற்றுவதும், நடுவரிடம் அணித்தலைவி நியாயம் கேட்பதும், பந்து குறுக்குக் கம்பத்தில் மோதும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் தடுப்பு வேலியோரம் வந்து, பெயர் எழுதிய அட்டைகளோடு காத்திருக்கும் சிறுமிகளின் ஜெர்சிகளில் நிதானமாகக் கையெழுத்திடுகிறார்கள். தோற்ற அணியினரும் இதைத் தட்டிக்கழிப்பதில்லை. தொழில்முறை விளையாட்டில் ரசிகருக்குக் கிடைக்கும் இத்தகைய நெருக்கம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இத்தொடரின் முதன்மையான பலம் இதுவே.

அந்த நெருக்கத்தில் நாம் காண்பது எத்தகைய ஆட்டம் என்பதற்குச் சாதனைப் பட்டியலே சான்று. 2015-16 சீசனில் தொடருக்குள் முதன்முறையாக வந்த மெல்பர்ன் சிட்டி அணி, லீக் சுற்றில் ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. புதிதாக வந்த அணி ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதிப் போட்டியில் சிட்னி எஃப்.சி.யை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்துச் சென்றது. அடுத்த இரண்டு சீசன்களிலும் கோப்பை அவர்களிடமே இருந்தது. அந்த முதல் சீசனில் அணியை வழிநடத்திய ஜோ மொன்டெமுரோ பின்னர் ஆர்சனல், யுவென்டஸ், லியோன் மகளிர் அணிகளுக்குப் பயிற்சியாளராகச் சென்று, 2025-இல் ஆஸ்திரேலிய தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார்.

சிட்னி எஃப்.சி.யின் பெருமை வேறு வகையானது. ஒரு சீசனில் உச்சத்தைத் தொட்டுவிட்டு ஓயாமல், ஆண்டுதோறும் தவறாமல் முன்வரிசையில் நிற்பது அவர்கள் வழக்கம். 2018 முதல் 2024 வரை தொடர்ந்து ஏழு இறுதிப் போட்டிகளில் ஆடினார்கள். அவற்றில் நான்கில் தோற்றார்கள், மூன்றில் வென்றார்கள். பயிற்சியாளர் ஆன்டே யூரிச்சின் கீழ் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்துப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார்கள். தொடர் தொடங்கிய நாளிலிருந்து 2023-24 வரை ஒரு சீசனில்கூட அவர்கள், லீக் சுற்று முடிந்தபின் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் பைனல்ஸ் சுற்றுக்குத் தகுதி பெறத் தவறியதில்லை. ஐந்து சாம்பியன் பட்டங்கள் என்ற எண்ணிக்கையைவிட, பதினாறு சீசன்கள் இடைவிடாமல் நிலைநின்ற அந்த ஒழுங்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது; வீராங்கனைகள் ஆண்டுதோறும் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும் ஒரு தொடரில், ஒவ்வொரு முறையும் அணியைப் புதிதாகக் கட்டியெழுப்பித்தான் அதைச் சாதிக்க முடிந்தது.

அந்த ஏழு இறுதிப் போட்டிகளில் மறக்கவே முடியாதது 2021 ஏப்ரலில் நடந்தது. சிட்னியின் கோகரா திடலில் மெல்பர்ன் விக்டரியும் சிட்னி எஃப்.சி.யும் கோல் ஏதுமின்றிக் கூடுதல் நேரத்துக்குச் சென்றன. எல்லோரும் பெனால்டி ஷூட்அவுட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்த 120-ஆவது நிமிடத்தில், பத்தொன்பது வயது கைரா கூனி-கிராஸ் கார்னர் கிக் எடுக்க வந்தார். அவர் வளைத்து அடித்த பந்து, கூட்டமாக நின்ற அனைவரையும் தாண்டி நேராக வலைக்குள் இறங்கியது. கோப்பை விக்டரிக்குப் போனது. கார்னரிலிருந்து நேரடியாக கோல் விழுவதே அரிது. இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் அது வெற்றி கோலாக அமைவது எந்த நாட்டு லீக்கிலும் தலைமுறைக்கு ஒருமுறைகூட நிகழாது. இரண்டே ஆண்டுகளில் அதே கூனி-கிராஸ் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் நடுகளத்தைத் தாங்கினார். பின்னர் ஆர்சனலில் சேர்ந்தார். 2025 மே 24 அன்று லிஸ்பனில் பார்சலோனாவை வென்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஏந்திய ஆர்சனல் அணியில் அவரோடு ஸ்டெஃப் கேட்லியும் கெய்ட்லின் ஃபோர்டும் இருந்தார்கள். மூவருமே இத்தொடரில் ஆடி வளர்ந்தவர்கள். அதே நாளில், சீனாவின் வூஹான் நகரில், முதன்முறையாக நடத்தப்பட்ட ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியில் மெல்பர்ன் சிட்டி ஆடி, பெனால்டியில் மயிரிழையில் கோப்பையைத் தவறவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாம் கெர்ரைப் பற்றி அறியாதவர் குறைவு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பதினைந்து வயதில் பெர்த் குளோரி அணிக்காக இத்தொடரில் அறிமுகமானவர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து என மூன்று கண்டங்களின் லீக்குகளிலும் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றவர். நாட்டுக்காக அடித்த கோல்களில் ஆண், பெண் இருபாலரிலும் அவரே முதலிடம். ஆனால் இத்தொடரின் உண்மையான முகம் யார் என்று கேட்டால், நான் கெர்ரைச் சொல்ல மாட்டேன். மிஷெல் ஹேமனைத்தான் சொல்வேன்.

ஹேமன் தன் ஆட்ட வாழ்வின் பெரும்பகுதியைக் கான்பெரா யுனைடெட் அணிக்குக் கொடுத்தவர். ஆண்கள் அணி எதையும் சாராமல், மகளிர் அணியாக மட்டுமே தொடரில் நிற்கும் ஒரே கிளப் கான்பெரா. 2011-12 சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற கிளப்பும் அதுதான். கெர் வைத்திருந்த கோல் சாதனையை முறியடித்த ஹேமன், இத்தொடரில் 100 கோல்களை எட்டிய முதல் வீராங்கனையும் ஆனார். 2019-இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவரை, லீக்கில் அவர் ஆடிய ஆட்டமே மீண்டும் அழைக்க வைத்தது. 2024 பிப்ரவரியில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக மெல்பர்னில் 54,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், முப்பத்தைந்து வயதில், முதல் பாதியிலேயே நான்கு கோல்களை அடித்தார். ஆஸ்திரேலியா 10-0 என்று வென்றது. கான்பெராவின் சிறிய மெக்கெல்லர் பார்க் திடலில் அவரைத் தொடர்ந்து பார்த்துவந்தவர்களுக்கு அதில் வியப்பே இருந்திருக்காது. பந்து வருவதற்கு முன்பே தற்காப்பு வீராங்கனையின் பார்வைக்குப் பின்னால் இரண்டு அடி நகர்ந்து நிற்பது அவர் பாணி. தொலைக்காட்சியில் அந்த இரண்டு அடி தெரிவதில்லை. திடலில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தால்தான் தெரியும்.

தொடரின் குறை எங்கே இருக்கிறது என்பதை ஃபியோனா வொர்ட்ஸின் கதை காட்டுகிறது. அடிலெய்டு யுனைடெட் அணிக்கு ஆடிய இந்த இங்கிலாந்து நாட்டவர், 2021-22 சீசனில் பிரிஸ்பேன் ரோருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்களை அடித்தார். அந்த சீசனின் தங்கக் காலணியையும், சிறந்த வீராங்கனைக்கான ஜூலி டோலன் பதக்கத்தையும் வென்றார். அடிலெய்டு முதன்முறையாக பைனல்ஸுக்குள் நுழைந்தது. அந்த நாட்களில் அவர் மெக்டொனால்ட்ஸ் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் முதன்மை லீக்கில் அதிக கோல் அடித்தவர், பயிற்சி முடித்து உணவகப் பணிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதன்பின் ஊதியம் உயர்ந்திருக்கிறது என்பது உண்மை. 2023-24 சீசன் முதல் ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளுடன் உள்ளூரிலும் வெளியூரிலும் ஆடும் முழுமையான 22 சுற்று அட்டவணை வந்ததும் உண்மை. எனினும் குறைந்தபட்ச ஊதியத்தை மட்டும் நம்பி ஓராண்டு முழுவதையும் ஓட்டுவது இன்றும் கடினம். சிறந்தவர்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிவிடுவதற்கு முதற்காரணமும் இதுவே. ரசிகர் ஒரு வீராங்கனையோடு மனம் ஒன்றத் தொடங்கும்போது, அவர் அடுத்த சீசனில் இருக்கமாட்டார் என்ற நிலை இத்தொடரின் பெரிய பலவீனம். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிரான நீண்ட பெனால்டி ஷூட்அவுட்டைத் தன் உதையால் முடித்துவைத்த கோர்ட்னி வைன், அப்போது சிட்னி எஃப்.சி. வீராங்கனை, மறு ஆண்டே அமெரிக்கா சென்றுவிட்டார். அதே உலகக் கோப்பைக்கு வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் அணியிலிருந்து போன கிளேர் ஹன்ட், அது முடிந்ததும் பாரிஸுக்குப் போனார்.

அந்த உலகக் கோப்பை தந்த வாய்ப்பைத் தொடர் எப்படிப் பயன்படுத்தியது என்பதைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவில் 75,784 பேர் திரண்ட குளிர்காலம் அது. அதன் அலையில், 2023 அக்டோபரில் புது சீசனின் தொடக்கத்தில் நடந்த சிட்னி எஃப்.சி. - வாண்டரர்ஸ் ஆட்டத்தைக் காண 11,471 பேர் வந்தார்கள். ஆண்கள் ஆட்டத்தின் துணையின்றித் தனித்து நடந்த லீக் ஆட்டங்களில் அதுவரை காணாத கூட்டம் அது. சீசன் முழுவதுமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திடலுக்கு வந்து, ஆஸ்திரேலிய மகளிர் விளையாட்டுத் தொடர்களில் புதிய சாதனை படைத்தார்கள். அடுத்த சீசனில் கூட்டம் குறைந்தது. வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவையான விளம்பரம், வசதியான ஆட்ட நேரம், ஒரே திடலில் நிலையாக ஆடுவது ஆகிய எளிய ஏற்பாடுகள்கூட எல்லா அணிகளுக்கும் அமையவில்லை. நல்ல வெயில் நேரத்தில், நிழல் குறைந்த திடலில் ஆட்டத்தை வைத்தால் குழந்தைகளோடு வரும் குடும்பம் மறுமுறை யோசிக்கத்தான் செய்யும். 2025-26 சீசனில் வெஸ்டர்ன் யுனைடெட் இல்லாமல் தொடர் பதினொரு அணிகளாகச் சுருங்கியதும் நல்ல அறிகுறி அல்ல.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். சாதனையாளர்களின் வரலாற்றைத் திடலுக்கு வருபவருக்குச் சொல்லும் ஏற்பாடு மிகக் குறைவு. ஜூலி டோலன் பதக்கம் என்று ஆண்டுதோறும் கேட்கிறோம். 1979-இல் மிராண்டாவின் சீமோர் ஷா பார்க்கில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த ஆஸ்திரேலிய மகளிர் அணியின் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில், பதினெட்டு வயதில் அணியை வழிநடத்தியவர் அவர் என்பது திடலில் இருக்கும் எத்தனை சிறுமிகளுக்குத் தெரியும்? தொடரின் முதல் சீசனிலேயே குவீன்ஸ்லாந்து ரோர் (இன்றைய பிரிஸ்பேன் ரோர்) அணியுடன் பட்டம் வென்று, பின்னர் 169 சர்வதேச ஆட்டங்கள் ஆடி ஆஸ்திரேலிய சாதனையோடு ஓய்வு பெற்ற கிளேர் பொல்கிங்ஹார்னின் பெயர், பிரிஸ்பேனுக்கு வெளியே உள்ள திடல்களிலும் ஒலிக்க வேண்டிய பெயர். இடைவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

குறைகளை அடுக்கிவிட்டதால் ஆட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். 2024-25 சீசனையே எடுத்துக்கொள்ளலாம். லீக் சுற்றில் ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடம் பெற்ற மெல்பர்ன் சிட்டி, இறுதிப் போட்டிக்குக்கூட வரவில்லை. 2009-இல் இரண்டாவது சீசனோடு வெளியேறி, பதினான்கு ஆண்டுகள் கழித்து 2023-இல் திரும்பி வந்த சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ், எமிலி ஹஸ்பண்டின் பயிற்சியில், மெல்பர்ன் விக்டரியை அவர்கள் ஊரிலேயே பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று சாம்பியன் ஆனது. திரும்பி வந்த இரண்டாவது சீசன் அது. எந்த அணி வெல்லும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத லீக்தான் டிக்கெட் வாங்கியவருக்கு நல்ல லீக், அந்த வகையில் இதற்கு நிகரானவை குறைவு.

முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர் சிட்னி எஃப்.சி. - வாண்டரர்ஸ் அல்லது மெல்பர்ன் சிட்டி - விக்டரி ஆட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உள்ளூர்ப் போட்டியின் சூடு அவற்றில் கூடுதலாக இருக்கும். மெல்பர்னில் இருப்பவர்கள், 2023-இல் பண்டூராவில் திறக்கப்பட்ட ஹோம் ஆஃப் தி மட்டில்டாஸ் (மட்டில்டாஸ் என்பது ஆஸ்திரேலிய மகளிர் தேசிய அணியின் செல்லப்பெயர்) திடலில் ஏதேனும் ஓர் ஆட்டம் பார்ப்பதைத் தவறவிட வேண்டாம்; பெண்கள் கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட இடம் என்பது அங்குள்ள ஏற்பாடுகளில் தெரியும். தொலைக்காட்சியிலோ இணையத்திலோ பார்ப்பவர்களுக்கு, சிறிய திடல்களில் கேமராக்கள் குறைவு என்பதால் முழு அனுபவம் கிடைக்காது. ஆகவே அருகில் ஓர் அணி இருந்தால் திடலுக்கே செல்லுங்கள், ஆட்டம் முடிந்தபின் உடனே கிளம்பாமல் கால் மணி நேரமாவது வேலியோரம் நில்லுங்கள், குழந்தைகள் உடன் வந்தால் கையெழுத்து வாங்க ஒரு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள்.