கல்லீரல் நோய்க்கு லாயத்துக்கே வந்து பார்த்த குதிரை மருத்துவக் குழு

குதிரைக்குக் கல்லீரலில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் இந்தக் குழுவைத் தயங்காமல் கூப்பிடலாம். குறையும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எங்கள் செவலை தீனியைத் தொடாமல் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனது. முதலில் வந்த வேறொருவர் வயிற்றுவலி என்று மருந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் குழுவின் டாக்டர் அம்மா கண்ணையும் ஈறையும் பார்த்தார். இரண்டும் மஞ்சள். "பட்டினி கிடந்தாலே குதிரைக்குக் கண் மஞ்சளாகும், இதை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது" என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: "சமீபத்துல சீரம், பிளாஸ்மா ஏதாவது போட்டீங்களா?" காலில் ஆணி குத்தியபோது டெட்டனஸ் ஆன்டிடாக்சின் (டெட்டனஸ் நச்சை முறிக்கும், குதிரை ரத்தத்திலிருந்து தயாராகும் ஊசி) போட்டிருந்தோம், சில வாரங்கள் ஆகியிருந்தன.

இப்படி ஊசிக்குச் சில வாரம் கழித்துக் கல்லீரல் கெடுவதற்குத் தைலர் நோய் என்று பெயராம். 1918-இல் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தைலர் இதை விவரித்தார். நூறு ஆண்டு கழித்து, 2018-இல்தான் குதிரைப் பார்வோ வைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, இந்த நோயோடு அதற்குள்ள தொடர்பு தெரிந்தது. குதிரை ரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்து வழியாக அது வரலாம். தொற்றிய குதிரைகளில் பெரும்பாலானவை நோயே காட்டாது. அதனால் பக்கத்துக் கொட்டடிக் குதிரைகளிடமும் ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் கேட்காமலே செய்தது இது, எனக்கு மிகவும் பிடித்தது.

ரத்த மாதிரியை ஐஸில் வைத்து உடனே அனுப்பினார்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்டிஹெச் என்ற நொதி சீக்கிரம் கெட்டுவிடுமாம். அடுத்த சில நாட்களில் ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியின் அளவு ஏறியதைப் பார்த்து நான் கலங்கிப்போனேன். தேறிவரும் குதிரைக்கும் அது கொஞ்ச நாள் ஏறும், எஸ்டிஹெச் இறங்குகிறதா என்று பாருங்கள் என்று டாக்டர் அம்மா போனில் பொறுமையாக விளக்கினார். இறங்கியிருந்தது.

வைரஸைக் கொல்ல மருந்து இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தத்தில் அம்மோனியா ஏறாமல் இருக்க லாக்டுலோஸ் என்ற மருந்து கொடுத்தார்கள், அவள் முட்டிக்கொண்டு காயப்படாமல் இருக்க லேசான மயக்க மருந்து போட்டார்கள். புரதம் குறைந்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கச் சொன்னார்கள். கல்லீரல் கெட்டிருக்கும்போது வெள்ளை மூக்கு வெயிலில் வெந்துவிடும் என்று பகல் முழுக்க நிழலில் கட்ட வைத்தார்கள். முதல் வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் முழுசாகத் தேறும் என்றார்கள். அப்படியே தேறினாள்.

சரி, குறைக்கு வருகிறேன். இரவில் போன் எடுப்பவர் வேறு ஆள். கோப்பைப் படிக்காமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறார். தலையை முட்டிக்கொண்டு நிற்கும் குதிரையைப் பிடித்துக்கொண்டு அத்தனைக்கும் பதில் சொல்வது கொடுமை. வைரஸுக்கான பிசிஆர் முடிவும் செவலை தீனி தின்ன ஆரம்பித்த பிறகுதான் வந்தது. பார்வோ வைரஸ் இருந்தது. பக்கத்துக் குதிரை ஒன்றுக்கும் இருந்தது, ஆனால் அதன் கல்லீரல் அளவுகள் சரியாகவே இருந்தன.

அப்புறம், எல்லாக் குதிரைகளுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணை எழுதிக் கொடுத்தார்கள். தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தால் காயம் பட்டாலும் பெரும்பாலும் ஆன்டிடாக்சின் தேவைப்படாது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன், இரவு போனைச் சரிசெய்தால் மீதியும் தருவேன்.