வாக்கியப் பயிற்சி ஏடு ஒன்று: ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்த பின்

மாணவர் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு சலிப்பு நன்றாகப் பழகியிருக்கும். பிழை என்று சுழிக்க ஒன்றும் இராது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நீளத்தில், 'நான்' என்று தொடங்கி 'போனேன், பார்த்தேன், வந்தேன்' என்று முடிந்துகொண்டே போகும். இதற்கு மருந்தாகும் என்று நம்பி, வாக்கிய அமைப்புகளை மாற்றி மாற்றி எழுதப் பழக்கும் பயிற்சி ஏடு ஒன்றை வாங்கி, எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன்.

ஏட்டின் உயிர் அதன் முதல் பகுதி. துண்டு துண்டான தனி வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் தொடர் வாக்கியமாகவோ கலவை வாக்கியமாகவோ இணைக்கச் சொல்கிறது. எப்படி இணைப்பது என்பதை மாணவரிடமே விட்டுவிடுகிறது. இம்முறைக்கு ஆய்வுத் துணையும் உண்டு. 4 முதல் 12 வரையிலான வகுப்புகளின் எழுத்துப் பயிற்சி பற்றி ஸ்டீவ் கிரகாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட அறிக்கை, வாக்கிய இணைப்புப் பயிற்சியின் விளைவின் அளவை 0.50 என்று, அதாவது நடுத்தரமான பலன் என்று, கணக்கிட்டது. இலக்கணத்தை மட்டும் தனியே கற்பிப்பதோ எதிர்மறை விளைவையே காட்டியது.

'மழை பெய்தது. நான் குடை எடுக்கவில்லை. நான் நனைந்தேன். அம்மா திட்டினார்.' இந்த நான்கையும் ஒரு மாணவி முதலில் ஒரே மூச்சில் கோத்தாள்: 'நான் குடை எடுக்காததால் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து அம்மா திட்டினார்.' 'வந்து' என்றால் வந்தவர் யார்? 'வந்து' போன்ற 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே, அதாவது அச்செயலைச் செய்தவரின் வினையையே, கொண்டு முடியும் என்பது நன்னூல் விதி. வந்தவள் மகள், திட்டியவர் தாய் என்றால் 'வந்ததும்' என்றுதான் எழுத வேண்டும். இணைக்கத் தொடங்கும் பிள்ளைகள் எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. ஏட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் முயற்சியில் அவள் எழுதியது: 'குடையை மறந்து போன அன்றுதான் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தேடியது குடையை.' நடுவில் நிற்கும் அந்த ஒற்றைச் சொல் வாக்கியத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் பகுதி வாக்கியத் தொடக்கங்களை மாற்றுவது பற்றியது. ஆங்கிலக் கையேடுகளின் வழியை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், ஒரே தாளம் காதில் இடிப்பது வாக்கியத்தின் முடிவில்தான். தொடக்கத்தில் 'நேற்று', 'பள்ளியில்', 'மெதுவாக' என்று எதை வைத்தாலும், ஐந்து வாக்கியங்கள் 'போனேன், வந்தேன்' என்று 'ஏன்' விகுதியிலேயே முடிந்தால் சலிப்பு தீராது. பெயரில் முடிப்பது, வினாவாக முடிப்பது, 'வந்தார் அம்மா' என எழுவாயைப் பின்னுக்குத் தள்ளுவது போன்ற பயிற்சிகளை நானே சேர்க்க வேண்டியிருந்தது. 'நான்' என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம், வினைமுற்றின் விகுதியே அதைக் காட்டிவிடும் என்ற எளிய உண்மைக்கும் ஏட்டில் இடமில்லை.

செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றத்திற்கு ஒதுக்கிய பக்கங்கள் தீங்கே செய்தன. எங்கே 'படு' பொருந்தும் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னதன் பலன், 'காலையில் என்னால் பல் துலக்கப்பட்டது' என்று தொடங்கிய ஒரு நாட்குறிப்பு. வகுப்பே சிரித்தது; எழுதியவனும்தான்.

கடைசிப் பகுதியில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கட்டம் போட்டு, வினாத் தொடர் ஒன்று, உணர்ச்சித் தொடர் ஒன்று, கட்டளைத் தொடர் ஒன்று வந்ததா என்று குறியிடச் சொல்கிறார்கள். 'ஆகா, மரம் எவ்வளவு நல்லது! மரத்தை வளர்! மரமின்றி வாழ முடியுமா?' என்ற வகைப் பத்திகள் முப்பது சேர்ந்தன. கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன.

தாளும் அச்சும் குறை சொல்லும்படி இல்லை. எழுத விட்டிருக்கும் இடம்தான் போதாது. மூன்று வரியில் எந்தப் பிள்ளை மூன்று முறை எழுதிப் பார்க்கும்? இந்தப் பருவத்தில் முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் பக்கங்களுக்குப் பதிலாக மாணவர்களின் பழைய கட்டுரைகளையே திருப்பிக் கொடுத்து, வாக்கிய முடிவுகளை மட்டும் அடிக்கோடிட்டு வரச் சொல்கிறேன்.