அண்ணா நகரில் அடுப்பா, வேனா?

மயிலாப்பூரில் பேக்கரி நன்றாக ஓடுகிறது. அடுத்து அண்ணா நகர். அங்கேயும் அடுப்பு போடுவதா, மயிலாப்பூரிலேயே சுட்டு வேனில் அனுப்புவதா?

அனுப்பினால் செலவு குறைவு. ஒரே மாஸ்டர், ஒரே கைப்பக்குவம். ஆனால் சவர்டோ ரொட்டியின் (மாவைத் தானாகப் புளிக்கவிட்டுச் சுடுவது) மொறுமொறுப்பு சென்னைக் காற்றில் நிற்காது. சூடு ஆறுமுன் கவரில் போட்டால் மேல்தோல் நமத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலோ இன்னும் சீக்கிரம் விறைத்துப்போகும். குக்கீ என்றால் கவலையில்லை, தாராளமாக வேனில் ஏற்றலாம்.

அடுப்பு போட்டால் ரொட்டி சுடச்சுட வரும். சிக்கல் மாவில்தான். 25 டிகிரியில் நிதானமாகப் புளிக்கும் மாவு, ஏசி இல்லாத மே மாதச் சமையலறையில் பாதி நேரத்திலேயே பொங்கிவிடும். புது ஆள் மாவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தால் அன்றைக்குக் கூழ்தான். (வெயில் காலத்து இட்லி மாவு நமக்குத் தெரியாததா!) போதாக்குறைக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமமும் இடத்துக்கு இடம் தனி.

நானாக இருந்தால் மயிலாப்பூரில் பிசைந்து, உருட்டி, இரவு முழுக்க 4 டிகிரி குளிரில் வைத்து, விடியற்காலை ஐஸ் பெட்டியில் அனுப்புவேன். அண்ணா நகரில் பிளேடால் கீறிச் சுடும் வேலை மட்டும். அதற்கு ஒரு ஆள் போதும். அவருக்கும் முதல் மூன்று மாதம் மயிலாப்பூரில்தான் வேலை.