டியூபா, டியூப்லெஸ்ஸா? முள்ளுக்காட்டில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு

அருப்புக்கோட்டையில் கிளம்பி கமுதி, முதுகுளத்தூர் வழியாக ராமநாதபுரம். தனியாக ஒரு பகல் மிதிக்க நினைப்பவர்கள் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் சீமைக்கருவேல முள்.

முள் குத்தினால்
டியூப்: காற்று போச்சு. டியூபை மாற்றினால் மட்டும் போதாது. டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, ஒடிந்து நிற்கும் முனையைப் பிடுங்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் தடவாமல் விட்டேன். 2 கிலோமீட்டர் தாண்டவில்லை, புது டியூபும் போனது. ஒதுங்க இருந்த ஒரே நிழலும் கருவேலமரத்துடையதுதான்!
டியூப்லெஸ்: டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். பல நேரம் குத்தியதே தெரியாது.

செலவு
டியூப்: சில நூறு ரூபாய்.
டியூப்லெஸ்: அதற்கேற்ற ரிம், டயர், டேப், வால்வு, சீலன்ட் என்று ஆயிரங்களில் போகும்.

வெயில்
டியூப்: கவலை இல்லை.
டியூப்லெஸ்: சூட்டில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

வழியில் உதவி
டியூப்: எந்த ஊர் பஞ்சர் கடையிலும் ஒட்டித் தருவார்கள்.
டியூப்லெஸ்: டயரின் பக்கவாட்டு கிழிந்தால் சீலன்ட் காப்பாற்றாது. அப்போதும் டியூப்தான் போட வேண்டும்.

வருடத்துக்கு ஓரிரு பயணம் என்றால் டியூப் போதும். மாற்று டியூப் இரண்டு, ஒட்டு சாமான், பம்பு எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் கரிசல் பக்கம் போகிறவர் என்றால் டியூப்லெஸ். அப்புறம், அதிலும் பையில் ஒரு டியூப் இருக்கட்டும்.