லோயர் பேர், ஹையர் பேர்: பைக் என்ஜினுக்குள் ஓர் ஒப்பீடு

தொட்டபடி அசையும் இரண்டு உறுப்புகளை, தொடும் விதத்தை வைத்து 1875-இல் ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ பிரித்தார். பரப்பாகத் தொட்டால் லோயர் பேர் (பேர் என்றால் இணை). புள்ளியிலோ கோட்டிலோ தொட்டால் ஹையர் பேர்.

பிஸ்டனும் சிலிண்டரும் முதல் வகை, சறுக்கும் இணை. பிஸ்டன் பின்னில் கனெக்டிங் ராடு ஆடுவதும் அதே வகைதான், ஆனால் சுழலும் இணை. விசை பரப்பு முழுக்கப் பரவுவதால் தேய்மானம் மெதுவாக நடக்கும்.

வால்வைத் திறக்க வைக்கும் மேடுள்ள சுழல் பாகமான கேம் வேறு மாதிரி. அதன் மேடு, வால்வைத் தள்ளும் நெம்புகோலான ராக்கரைத் தொடுவது மெல்லிய ஒரு கோட்டில்தான். அங்கே அழுத்தம் மிக அதிகம் என்பதால் மேற்பரப்பைக் கடினப்படுத்துகிறார்கள். ஆயில் குறைந்தால் சீக்கிரமே குழி விழும். தொடர்பு விடாமல் இருக்க வால்வு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை தொல்லைக்கும் பலன் பெரிது: வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி மூடும் என எல்லாவற்றையும் மேட்டின் வடிவத்திலேயே எழுதிவிடலாம். சறுக்கும் இணையால் இது முடியாது. என் கண்ணில் என்ஜினின் மிக அழகான பாகம் கேம்தான்.

அப்புறம், பலரும் தடுமாறும் இடம் பால் பேரிங். தண்டு சுழல்வதைப் பார்த்து லோயர் பேர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் குண்டு வளையத்தைத் தொடுவது புள்ளியில், எனவே அது ஹையர் பேர். அதே தண்டு, குண்டுகள் இல்லாத வழவழப்பான உருளைக் குழலான புஷ்ஷில் சுழன்றால் லோயர் பேர்.