ஏறிக்கொண்டே போன ஆயில்: டர்போ பெட்ரோல் காரோடு நான்கு வருடம்

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தேன். ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் எஃப் (ஃபுல்) கோட்டைத் தாண்டி நிற்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னொரு தடவை துடைத்தும் பார்த்தேன். மகளின் ஸ்கேலை வாங்கி அளந்ததில் கோட்டுக்கு மேலே 9 மி.மீ.

ஆயில் குறைந்திருந்தால் அரை லிட்டர் ஊற்றிவிட்டுக் கிளம்பியிருப்பேன். கூடியிருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே சார்?" என்றார். நல்லதில்லை. அளவு மிஞ்சினால் இன்ஜினின் அடிப்பக்கத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலில் அடித்து, மோர் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். நுரையை பம்ப் ஒழுங்காகத் தள்ளாது, பிரஷர் விழும். மீதி ஆயில், உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய் எரிந்து, நாளடைவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. 2021 நடுவில் வாங்கிய சிறிய எஸ்யூவி, ஒரு லிட்டர் டர்போ, மூன்று சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன். ஊருக்குள் லிட்டருக்கு 11 அல்லது 12 கிலோமீட்டர், ஈசிஆர் கடற்கரைச் சாலையில் 18 கொடுக்கும். ஏசி மே மாதத்துக்கும் போதும். மூன்றாவது வருடம் பேட்டரி மாற்றினேன், முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் முன் சஸ்பென்ஷனில் ஒரு 'கடக்' சத்தம் வந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இது எந்த டர்போ பெட்ரோல் வண்டியிலும் வரக்கூடிய சங்கதி.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி சர்வீஸ் பில்லு இருக்கா சார்?" எடுத்துப் பார்த்தேன். ஜூனில் செய்த சர்வீஸில் ஆயில் 4 லிட்டர் என்று போட்டிருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில் ஃபில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர் என்று இருக்கிறது. "அவ்ளோதான் சார், முழு கேனையும் கவுத்துட்டாங்க" என்று சிரித்தார். ஆயில் ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பில்லுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் பாதி வழக்கை முடித்துவிடும்.

என் வழக்கில் அது பாதியைத்தான் முடித்தது என்பது அன்று புரியவில்லை. எல் (லோ) கோட்டுக்கும் எஃப் கோட்டுக்கும் இடையே 18 மி.மீ., ஏறத்தாழ ஒரு லிட்டர். அதாவது ஒரு மி.மீ.க்கு 55 மில்லி. கூடுதலாக ஊற்றிய 400 மில்லிக்கு 7 மி.மீ.தான் ஏறியிருக்க வேண்டும். ஸ்டிக்கில் இருந்ததோ 9. அந்த இரண்டு மி.மீ.யை நான் கண்டுகொள்ளவில்லை. பாய் பெரிய சிரிஞ்சில் டிரிப்ஸ் டியூபைச் செருகி, டிப்ஸ்டிக் துளை வழியாக அரை லிட்டர் உறிஞ்சி எடுத்தார். நாங்கள் புதுச்சேரிக்குப் போய் வந்தோம்.

நான்கு வாரம் கழித்துச் சும்மா பார்த்தேன். மறுபடி எஃப்புக்கு மேலே 5 மி.மீ. யாரும் ஆயில் ஊற்றவில்லை. மூடிய இன்ஜினுக்குள் ஏதோ திரவம் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் கணக்கு எழுத ஆரம்பித்தேன். வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால் அந்தத் தாள்கள்தான் பின்னால் கை கொடுத்தன. அளப்பதில் மட்டும் கறாராக இருந்தேன். எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், அங்கே நிறுத்தி அளந்தால் அளவு மாறும். அதனால் அபார்ட்மென்டின் கார் பார்க்கிங்கில் எப்போதும் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, இரண்டு முறை பார்ப்பேன். அணைத்த உடனே பார்த்தால் மேலே ஏறிய ஆயில் அடியிலுள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கியிருக்காது, குறைவாகக் காட்டும்.

உள்ளே வரக்கூடியது இரண்டுதான்: தண்ணீர் அல்லது பெட்ரோல். எனக்கு முதலில் தண்ணீர் பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பாதி டயர் வரை தண்ணீர் நின்றது. வடியும்வரை ஸ்டார்ட் செய்யவில்லை என்றாலும் மனசு கேட்கவில்லை. ஆனால் அன்று புகுந்த தண்ணீர் ஒன்பது மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுமா? ஏறாது. மிச்சமிருந்தது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர். இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ ஒழுகினால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். கூலன்ட் டப்பாவில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டு வைத்தேன், மூன்று வாரத்தில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி வெள்ளைப் பசையும் இல்லை. (அந்தப் பசை கொஞ்சம் தெரிந்தாலே ஹெட் கேஸ்கெட் போச்சு என்று அலற வேண்டாம். குட்டி ஓட்டங்களில் இன்ஜினுக்குள் படியும் ஈரத்தாலும் வரும்.)

அப்புறம் முகர்ந்து பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். துடைத்த பனியன் துணியை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் பங்கில் நிற்பதுபோல் வாசனை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தேங்காய் எண்ணெயைவிடத் தண்ணியாக ஓடியது. மெல்லிய ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. அளவு கூடியதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

ஆயிலில் பெட்ரோல் கலப்பது டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்குப் புதிதல்ல. 2018 வாக்கில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினில் இதே புகார் சீனாவில் பெரிதாகி, வண்டிகளைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேர் மாற்றிக் கொடுத்தார்கள். என் வண்டி அந்த நிறுவனத்துடையது அல்ல, விஷயம்தான் ஒன்று. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாக சம்ப்பில் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி இன்டேக் வழியே போய் எரிந்துவிடும். சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கும்.

சென்னையில் குளிர் எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வெயில் 40 டிகிரி என்பது நமக்குத்தான் சூடு. 90, 100 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய ஆயிலுக்கு அது குளிர்தான். எங்கள் வண்டியின் தினப்படி வேலை என்ன? காலையில் நங்கநல்லூர் வீட்டிலிருந்து மனைவியைப் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் விடுவது, ஒன்றரை கிலோமீட்டர். அப்புறம் மகளைப் பள்ளியில் விடுவது, சாயங்காலம் அதே இரண்டும் திரும்ப. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து நிற்பதற்குள் நான் வண்டியை அணைத்துவிடுவேன். அந்த முள்கூடக் கூலன்டின் சூட்டைத்தான் காட்டும், ஆயில் சூடாக இன்னும் நேரமாகும்.

சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிறு மறுபடி புதுச்சேரி, போக வர 300 கிலோமீட்டர். திரும்பி வந்து அளந்தால் 3 மி.மீ. இறங்கியிருந்தது. பெட்ரோல்தான் என்பதில் இனிச் சந்தேகமில்லை. ஆனால் பாய் தலையாட்டவில்லை. "குட்டி ஓட்டம் எல்லாரும்தான் சார் ஓட்றாங்க. மாசம் அஞ்சு மி.மீ. ஜாஸ்தி. வேற எங்கியோ ஒழுகுது."

ரிச்சி தெருவில் 700 ரூபாய்க்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி மாட்டினேன். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, மைனஸ் 14 சதவீதம் என்று காட்டியது. எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருவதால், கம்ப்யூட்டர் தன் பங்கை அவ்வளவு குறைத்துக்கொண்டிருக்கிறது. ஆயிலிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவியாலும் இப்படிக் காட்டலாம் என்பதால் பாய் முதலில் ஆயிலை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகும் மைனஸ் 8. அதோடு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி இன்ஜின் தடுமாறுவதை அவர்தான் கவனித்தார். நான் அதை ஏசி லோட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது இரண்டு வெளிர் பழுப்பு, மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கரிக்கட்டை. அங்கேதான் பெட்ரோல் ஜாஸ்தி.

வாரன்டி நீட்டித்திருந்ததால் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "டர்போன்னா இப்படித்தான் சார், நார்மல்" என்று அட்வைசர் ஆரம்பித்தார். காலண்டர் தாள்களையும், ட்ரிம் ஸ்கிரீன்ஷாட்டையும், மூன்று பிளக்குகளையும் வரிசையாக மேஜையில் வைத்தேன். உள்ளே போய் ஒரு மூத்த டெக்னீஷியனை அழைத்து வந்தார். வண்டியை இரவு அங்கேயே விடச் சொன்னார்கள். இன்ஜினை அணைத்த பின், பெட்ரோல் வரும் குழாயான ஃபியூயல் ரெயிலில் பிரஷர் நிற்காமல் வடிந்தது. காலையில் கேமரா விட்டுப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலை ஈரம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சரியாக மூடாமல் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. அதை வாரன்டியில் மாற்றினார்கள். ஆயில், ஃபில்டர், பிளக் செலவு மட்டும் என்னுடையது, ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த முறை 3.6 லிட்டர்தானா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அது 2024 நவம்பர். இப்போது காலைத் தடுமாற்றம் இல்லை, ட்ரிம் மைனஸ் 2-க்குள் நிற்கிறது. ஸ்டேஷன் ஓட்டம் மட்டுமே உள்ள மாதத்தில் இன்னமும் ஒரு மி.மீ. ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஓஎம்ஆர் சாலையில் கேளம்பாக்கம் வரை ஒரு சுற்று போய் வந்தால் இறங்கிவிடும். ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பதிலாக ஐயாயிரத்தில் மாற்றுகிறேன், அது வீண் செலவு என்கிறார் அட்வைசர். மனைவி காலையில் ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் மட்டும் கார் வேண்டுமாம்.

நேற்று அளந்தது: எஃப் கோட்டுக்கு 2 மி.மீ. கீழே. ஸ்கேலை மகளிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆயில் நாற்றம் போகாது, வேறு வாங்கித் தா என்கிறாள்.